எண்களை மனத்தில் நிறுத்துவது எப்படி?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னை அறிமுகப்படுத்தும்போது "அபார ஞாபக சக்தி உள்ளவர்" என்று சொன்னார். அவருடைய அன்புக்கு நன்றி. ஆனால் அது உண்மையில்லை. காலையில் மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று என் மனைவியைத்தான் கேட்கிறேன். 1976-ல் இங்கே கணிதப் பட்டம் முடித்துவிட்டு, தொலைபேசி நிலையத்தில் டிரங்க் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தவன் நான். எண்களோடு குடும்பம் நடத்துகிற வேலை. அதில் பழகிய சில வழிகளையும், பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்ட சில விஷயங்களையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன். சாப்பாட்டு வாசனை இங்கே வரை வருகிறது. அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன், பயப்பட வேண்டாம்.

முதலில் ஒரு கேள்வி. கையிலுள்ள செல்போனைப் பார்க்காமல், உங்கள் வீட்டில் இரண்டு பேருடைய எண்களைச் சொல்ல முடியுமா? முடியும் என்பவர்கள் கை தூக்குங்கள். (பத்துப் பதினைந்து கைகள் உயர்ந்தன.) பார்த்தீர்களா? என் நண்பர் ஒருவருக்கு ரயிலில் செல்போன் திருட்டுப் போய்விட்டது. பக்கத்து சீட்டுக்காரர் தன் போனை நீட்டி, "வீட்டுக்குப் பேசுங்க சார்" என்றார். நண்பருக்கு மனைவி எண்ணும் தெரியவில்லை, மகன் எண்ணும் தெரியவில்லை. இரவு முழுக்க வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை. அவர் முட்டாள் இல்லை, பெரிய பொறியாளர். அந்த எண்ணை மனத்தில் வைக்க வேண்டிய அவசியமே அவருக்கு வந்ததில்லை, அவ்வளவுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நிலைமை வேறு. சந்தாதாரர் போனை எடுத்தால் எண்ணைச் சொல்ல மாட்டார். "டாக்டர் வீட்டுக்குப் போடுங்க", "ரைஸ்மில்லுக்கு ஒரு அர்ஜென்ட் கால்" என்பார். டைரக்டரியைப் புரட்டிக்கொண்டிருந்தால் அதற்குள் நாலு விளக்கு எரியும். அதனால் நூற்றுக்கணக்கான எண்கள் எங்களுக்கு மனப்பாடம். நாங்கள் எல்லாரும் மேதைகளா? இல்லை. அப்படியானால் எப்படி?

அமெரிக்க உளவியல் அறிஞர் ஜார்ஜ் மில்லர் 1956-ல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். மனித மனம் ஒரே மூச்சில் ஏறக்குறைய ஏழு சங்கதிகளைத்தான் பிடித்து வைக்கும், இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம் என்றார். நெல்சன் கோவன் என்பவர் 2001-ல், "ஏழுகூட இல்லை, நாலுதான்" என்று சொன்னார். நாலோ ஏழோ, கை சின்னது என்பது நிச்சயம். ஆனால் மில்லர் சொன்னதில் இன்னொரு பாதி இருக்கிறது. அந்தச் சங்கதி எவ்வளவு பெரியது என்பது நம் இஷ்டம். கையில் ஏழு நெல்மணியும் பிடிக்கலாம், ஏழு கதிரும் பிடிக்கலாம்.

ஓர் உதாரணம் பாருங்கள். 1, 8, 5, 7, 1, 9, 4, 7, 1, 9, 6, 9. ஒவ்வொன்றாகச் சொன்னால் பன்னிரண்டு சங்கதி. திருப்பிச் சொல்லச் சொன்னால் திணறுவோம். 1857, 1947, 1969 என்று சொன்னால் மூன்றே சங்கதி. சிப்பாய்க் கலகம், சுதந்திரம், நிலவில் மனிதன். உங்கள் ஆதார் எண்ணை அட்டையில் நாலு நாலாகப் பிரித்து அச்சடித்திருப்பதன் சௌகரியம் இதுதான். செல்போன் எண்ணைப் பத்து இலக்கமாக ஒப்பிக்காதீர்கள். இரண்டிரண்டாக ஐந்து ஜோடி, அல்லது மூன்று, மூன்று, நாலு. ஒரு முறை பிரித்தால் எப்போதும் அதே மாதிரி பிரியுங்கள். இடத்துக்கு இடம் மாற்றினால் மனசு குழம்பிவிடும். இது முதல் வழி: கட்டுவது.

இரண்டாவது வழி, எண்ணுக்குள் இருக்கிற ஒழுங்கைப் பார்ப்பது. இதைப் பற்றி ஒரு சம்பவம் சொல்லணும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் நிலையத்துக்குப் பயிற்சிக்கு ஒரு பெண் வந்தது. அப்பா இல்லை, கீழே இரண்டு தங்கைகள். பயிற்சி முடிவில் ஊர்க் கோடு எண்களில் ஒரு தேர்வு உண்டு. முதல் தடவை அந்தப் பெண் தேறவில்லை. "உனக்கு இது ஏறாதும்மா, வேற வேலை பாரு" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஊர்ப் பெயர்களை அகர வரிசையில் எழுதி, மந்திரம் மாதிரி உருப்போட்டிருந்தது. அகர வரிசைக்கும் கோடுக்கும் என்ன சம்பந்தம்? "தமிழ்நாடு மேப்பு ஒண்ணு வாங்கிட்டு வாம்மா, அதுல எழுதிப் பார்ப்போம்" என்றேன்.

அன்றைய கோடுகள் சில பிறகு மாறிவிட்டன. அதனால் இன்றைய தரைவழித் தொலைபேசிக் கோடுகளையே சொல்கிறேன், கேளுங்கள். சென்னை 044, அதைத் தனியாக வைத்துவிடுங்கள். புதுச்சேரி 0413, வேலூர் 0416. வடக்குப் பக்கம் 041. திருப்பூர் 0421, கோவை 0422, ஊட்டி 0423, ஈரோடு 0424, சேலம் 0427. மேற்குப் பக்கம் 042. திருச்சி 0431, தஞ்சாவூர் 04362. நடுவில் காவிரிக்கரை 043. திண்டுக்கல் 0451, மதுரை 0452. தெற்கே 045. தூத்துக்குடி 0461, திருநெல்வேலி 0462, நாகர்கோவில் 04652. தென்கோடி 046. இப்போது சொல்லுங்கள், இது எண் பட்டியலா, வரைபடமா? முன்னால் வருகிற மூன்று இலக்கத்தை ஊர் இருக்கிற திசையே சொல்லிவிடுகிறது. மீதி இருக்கிற ஓரிரு இலக்கத்தை மட்டும் நாம் நினைவில் வைத்தால் போதும். வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது.

பத்து நாளில் அந்தப் பெண் மேப்பை மனத்தில் விரித்து வைத்துக்கொண்டது. அடுத்த தேர்வில் தேறியது. வேலையும் நிரந்தரமாயிற்று; தங்கைகளைப் படிக்க வைத்துக் கரையேற்றியது. ஞாபக சக்தி புதிதாக எங்கிருந்தோ வரவில்லை. அடுக்கி வைக்க அலமாரி கிடைத்தது, அவ்வளவுதான்.

அறிவியல் உலகத்திலும் இதை நிரூபித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே எரிக்சன், சேஸ் என்ற இரண்டு பேர், எஸ்.எஃப். என்று குறிப்பிடப்படும் ஒரு சாதாரண மாணவரை உட்கார வைத்து, நொடிக்கு ஓர் இலக்கம் வீதம் எண்களைப் படித்துக் காட்டித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். ஆரம்பத்தில் நம்மைப் போல ஏழு இலக்கம். சுமார் 20 மாதம், மொத்தம் 230 மணி நேரப் பயிற்சி. முடிவில் 79 இலக்கம்! 1980-ல் 'சயின்ஸ்' இதழில் இது வெளிவந்தது. அவர் என்ன செய்தார்? அவர் ஓட்டப் பந்தயக்காரர். 3492 என்று கேட்டால், "3 நிமிடம் 49.2 வினாடி, ஒரு மைல் ஓட்டத்தில் உலக சாதனைக்குப் பக்கத்து நேரம்" என்று வைத்துக்கொண்டார். நேரமாக ஆகாத எண்ணை மனிதர்களின் வயதாகவும் வருஷமாகவும் மாற்றிக்கொண்டார்.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது அடுத்த செய்தி. 79 இலக்கம் சொன்ன அதே மனிதருக்கு எண்களுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளைக் கொடுத்தார்கள். ஆறு எழுத்தோடு நின்றுவிட்டார். நம் சென்னையில் பிறந்து மங்களூரில் வளர்ந்த ராஜன் மகாதேவன், 1981-ல் 'பை' என்னும் எண்ணின் 31,811 தசம இலக்கங்களை ஒப்பித்து கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றவர். பிற்பாடு ஆராய்ச்சியில் அவருக்கும் எண்களுக்குப் பதில் பழக்கமில்லாத குறியீடுகளைக் கொடுத்தபோது, ஆரம்பத்தில் எல்லாரையும் போலத்தான் இருந்தார். ஆகவே மூளை என்பது தண்டால் எடுத்தால் எல்லாப் பக்கமும் பெருக்கிற புஜம் இல்லை. எதைப் பற்றி நமக்கு ஏற்கெனவே நிறையத் தெரியுமோ, அதில்தான் புதியது வந்து ஒட்டும்.

மூன்றாவது வழி நம் முன்னோர்கள் கண்டது: எண்ணை எழுத்தாக்குவது. கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்குக் 'கடபயாதி' தெரிந்திருக்கும். வடமொழி எழுத்துகளுக்கு ஒன்று முதல் ஒன்பது வரையும் பூஜ்யமும் கொடுத்து, எண்ணைச் சொல்லாக்குவது. மேளகர்த்தா ராகங்கள் 72. மேசகல்யாணியின் முதல் இரண்டு எழுத்து 'மே', 'ச'. ம என்றால் 5, ச என்றால் 6. வலமிருந்து படித்தால் 65. அது 65-வது மேளம். மாயாமாளவகௌளையில் மா 5, யா 1, திருப்பினால் 15. தீரசங்கராபரணத்தில் தீ 9, ர 2; திருப்பினால் 29. ராகத்தின் பெயரிலேயே அதன் வரிசை எண்ணை ஒளித்து வைத்துவிட்டார்கள். கேரளத்துக் கணித மேதை சங்கமகிராம மாதவன், 14-ஆம் நூற்றாண்டில், சைன் அட்டவணையின் 24 மதிப்புகளை இந்த முறையில் செய்யுளாக்கி வைத்தார். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் செய்யுளே கால்குலேட்டர்.

ஆனால் கடபயாதியில் நாலு வகையான 'க' உண்டு, நமக்குத் தமிழில் ஒரே க. ஆகவே நான் வேலை பார்த்த நாளில் என் வசதிக்குத் தமிழில் ஓர் அட்டவணை போட்டுக்கொண்டேன். எண்ணின் பெயரிலிருந்தே எழுத்தை எடுத்தது. குறித்துக்கொள்ளுங்கள்.

1 – க (தமிழ் எண்ணில் ஒன்று என்பது க மாதிரிதான் இருக்கும்)
2 – ர, ற (ரெண்டு)
3 – ம (மூன்று)
4 – ந, ன, ண (நான்கு)
5 – ச (அஞ்சு)
6 – த (ஆற்றிலே ஓடுவது தண்ணீர்)
7 – ல, ழ, ள (ஏழு)
8 – ட (எட்டு)
9 – ப (ஒன்பது)
0 – வ (வட்டம்)

உயிரெழுத்துக்கு மதிப்பு இல்லை. க, கா, கி, கு, க் எல்லாம் 1-தான். ஒரே எழுத்து இரட்டித்து வந்தால் ஒன்றாகக் கொள்ள வேண்டும். ய, ங, ஞ கணக்கில் சேராது. திருப்பிப் படிக்கிற வேலையும் கிடையாது, இடமிருந்து வலம். 18 என்றால் குடை, 37 என்றால் மழை, 42 என்றால் நரி, 08 என்றால் வீடு. ஒரு வாரம் பஸ்ஸில் போகும்போது முன்னால் போகிற வண்டிகளின் நம்பரைச் சொல்லாக்கிப் பாருங்கள், தானாக வந்துவிடும்.

இப்போது 'பை'யின் முதல் இருபது தசம இலக்கங்களை எடுப்போம். 14 15 92 65 35 89 79 32 38 46. நம் அட்டவணைப்படி கண், காசு, பாறை, தோசை, மீசை, டப்பா, இலுப்பை, மோர், மாடு, நத்தை. எண் போய்ப் பொருள் வந்துவிட்டது. ஆனால் பத்துப் பொருளையும் வரிசை மாறாமல் எப்படி நினைவில் வைப்பது? அதற்குத்தான் நாலாவது வழி: இடத்தில் வைப்பது.

இது பழைய கிரேக்க தேசத்து முறை. சிமோனிடிஸ் என்று ஒரு கவிஞர். விருந்து நடந்த மண்டபத்தின் கூரை இடிந்து விழுந்து, இறந்தவர்களை அடையாளம் தெரியாமல் போயிற்றாம். வெளியே போயிருந்ததால் தப்பித்த சிமோனிடிஸ், யார் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார் என்று மனத்தில் பார்த்தே ஒவ்வொருவரையும் சொல்லிவிட்டார் என்று ரோமானியரான சிசரோ எழுதி வைத்திருக்கிறார். இடம் நினைவுக்கு வந்தால் அதில் இருந்ததும் வரும் என்பது தத்துவம்.

நம் எல்லாருக்கும் பொதுவான இடம் எது? இந்தக் கல்லூரிதான். எந்த வருஷத்துப் பேட்ச் ஆனாலும் சரி, கண்ணை மூடிக்கொண்டு என்னோடு வாசலிலிருந்து நடந்து வாருங்கள். வாசல் வளைவில் கல்லூரிப் பெயருக்குப் பதிலாக ஒரு பெரிய கண் நம்மை முறைக்கிறது. சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு சைக்கிளை எடுத்தால் சக்கரத்திலிருந்து காசு கொட்டுகிறது. நோட்டீஸ் போர்டு மேல் ஒரு பாறை சாய்ந்து, ரிசல்ட்டைப் பார்க்க விடாமல் மறைக்கிறது. ஆபீஸ் கவுண்ட்டரில் ஃபீஸ் கட்டினால் ரசீதுக்குப் பதில் சுடச்சுடத் தோசை நீட்டுகிறார்கள். முதல்வர் அறைக் கதவுக்கு முறுக்கு மீசை. (முதல்வர் அவர்கள் மன்னிக்கணும்.) நூலக அலமாரியில் புத்தகத்துக்குப் பதில் வரிசையாக டப்பா. கெமிஸ்ட்ரி லேப் மேசையில் இலுப்பை மரம் முளைத்திருக்கிறது. கேண்டீனில் டீ கேட்டால் மோர் தருகிறார்கள். விடுதியில் உங்கள் கட்டிலில் ஒரு மாடு படுத்து அசை போடுகிறது. மைதானத்தில் நூறு மீட்டர் ஓட்டத்தில் நத்தை முதல் பரிசு வாங்குகிறது.

சிரித்தீர்கள் இல்லையா, அதுதான் வேண்டும். ஒழுங்கான காட்சி மறந்துபோகும்; கோணலான காட்சி நிற்கும். இப்போது கேட்கிறேன், கெமிஸ்ட்ரி லேபில் என்ன? (மாணவர்கள்: "இலுப்பை!") எண்? ("எழுபத்தொன்பது!") மைதானத்திலிருந்து வாசலுக்குத் திரும்பி நடந்தால் எண் பின்னாலிருந்தும் வரும். வெறும் உருப்போட்டவனால் இப்படித் திருப்பிச் சொல்ல முடியுமா? இருபது இலக்கத்துக்குப் பத்து இடம். இன்னும் வேண்டுமென்றால் உங்கள் தெரு, உங்கள் வீடு, மாமா வீடு என்று இடங்களைக் கூட்டிக்கொண்டே போகலாம். 2015 மார்ச் 21-ஆம் தேதி நம் வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ராஜ்வீர் மீனா என்ற இளைஞர், கண்ணைக் கட்டிக்கொண்டு ஏறக்குறைய பத்து மணி நேரம், 'பை'யின் 70,000 தசம இலக்கங்களைச் சொல்லி கின்னஸ் சாதனை படைத்தார். நாம் இருபதில் ஆரம்பிப்போம், தப்பில்லை.

ஐந்தாவது, மறுபடி எடுத்துப் பார்ப்பது. இதைச் செய்யாவிட்டால் மேலே சொன்ன நாலும் வீண். பார்த்துப் பார்த்துப் படிப்பது வேறு, பார்க்காமல் சொல்லிப் பார்ப்பது வேறு. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-ல் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது; இன்னொரு பிரிவு படித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். இதைப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இரவெல்லாம் விழித்துப் படித்தால் "எல்லாம் தெரியுது" என்று தோன்றும். அந்தத் தோற்றம்தான் ஏமாற்றுகிறது. என் பழக்கத்தைச் சொல்கிறேன். ஓர் எண்ணைப் பார்த்தால், பத்து நிமிடம் கழித்து ஒரு தடவை, அன்றிரவு படுக்கும்போது ஒரு தடவை, மறுநாள், மூன்றாம் நாள், பிறகு ஒரு வாரம் கழித்து. ஒவ்வொரு தடவையும் சீட்டைப் பார்ப்பதற்கு முன் மனத்தில் தேடணும். தேடுகிற சிரமம்தான் ஆணி அடிக்கிறது.

எதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டும்? எல்லாவற்றையும் வேண்டாம். வங்கிக் கணக்கு எண் பாஸ்புத்தகத்தில் இருக்கட்டும். குடும்பத்தில் மூன்று பேருடைய செல்போன் எண், ஏ.டி.எம். ரகசிய எண். கார்டின் உறையிலேயே அதை எழுதி வைக்கிற பெரியவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கலாம். தயவுசெய்து இன்றே அழித்துவிடுங்கள். பிறந்த வருஷத்தையும் ரகசிய எண்ணாக வைக்காதீர்கள்; அது ஊருக்கே தெரியும். அட்டவணையில் இரண்டு சொல்லைத் தேர்ந்தெடுத்து நாலு இலக்கம் ஆக்கிக்கொள்ளுங்கள். அந்தச் சொற்களை மட்டும் மனைவியிடம்கூடச் சொல்ல வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் என் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கடைசியாக மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு வருஷமும் இரண்டு மூன்று பிள்ளைகளாவது, "எனக்கு ஞாபக சக்தி கிடையாது சார், படிப்பு வராது" என்று சொல்லிக்கொண்டு பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்று ஆசிரியர்கள் என்னிடம் வருத்தப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகள் டானிக் வாங்கிக் குடிக்கிறார்கள், சனிக்கிழமை விரதம் இருக்கிறார்கள். விரதம் இருங்கள், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் "எனக்கு வராது" என்கிற தீர்ப்பை மட்டும் உங்களுக்கு நீங்களே எழுதிக்கொள்ளாதீர்கள். நூறு சினிமாப் பாட்டும், கிரிக்கெட் ஸ்கோரும் தெரிந்த ஒருவனுக்கு ஞாபக சக்தி இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? அங்கே அடுக்க அலமாரி இருக்கிறது. பாடத்துக்கு இன்னும் அலமாரி செய்யவில்லை. இங்கே இருக்கிற மூத்தவர்கள் ஒவ்வொருவரும் அப்படி ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, மேப்பு விரித்த மாதிரி ஒரு பாடத்தை விரித்துக் காட்டினால், இந்தச் சங்கம் நடத்துகிற விழாக்களையெல்லாம்விட அது பெரிய காரியம். நான் இந்த ஊரில்தான் இருக்கிறேன். சனிக்கிழமை மாலை நூலகத்தில் உட்காரத் தயார். முதல்வர் அவர்கள் அனுமதிக்க வேண்டும்.

இன்று சாப்பிட உட்காரும்போது, பக்கத்து இலையில் இருக்கிற பழைய நண்பரின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். செல்போனில் ஏற்றுவதற்கு முன்னால் மனத்தில் ஏற்றுங்கள். பாயசம் வரும்போது பார்க்காமல் அவரிடமே சொல்லிக் காட்டுங்கள். எத்தனை பேர் சொன்னீர்கள் என்று செயலாளர் கணக்கெடுப்பார்.